ரூன் எழுத்துகள்: பிறப்பும் பொருளும்

டென்மார்க்கின் ஃபூன் தீவில் வீமோஸ் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. தோற்ற படையின் ஆயுதங்களைக் கொண்டுவந்து தெய்வங்களுக்குக் காணிக்கையாக அமிழ்த்திய இடம் அது. ஈட்டிகள், வாள்கள், கேடயங்களுக்கு இடையே ஒரு கொம்புச் சீப்பும் அங்கே கிடைத்தது. அதில் ஐந்து எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன: ‘ஹர்யா’. கி.பி. 160 வாக்கில் எழுதப்பட்ட அந்தச் சொல் ஓர் ஆளின் பெயராக இருக்கலாம்; போர்வீரனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் இருக்கலாம். ரூன் எழுத்து என்று ஐயமின்றி ஏற்கப்படும் மிகப் பழைய பொறிப்புகளுள் ஒன்று இது.

அதே எழுத்துகள் இன்று இணையக் கடைகளில் வேறு கோலத்தில் விற்பனைக்கு வருகின்றன. துணிப்பை ஒன்றில் இருபத்தைந்து சிறு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குறி, கூடவே ஒரு கையேடு. எந்தக் குறி வந்தால் செல்வம், எது வந்தால் பயணம், எது வந்தால் தடை என்று கையேடு பலன் சொல்லும். சீப்பில் பெயர் கீறிய கைக்கும் பைக்குள் கல்லைத் துழாவும் கைக்கும் என்ன உறவு?

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது? ஒவ்வோர் எழுத்துக்கும் இருந்ததாகச் சொல்லப்படும் பெயர்களும் பொருள்களும் எவ்வளவு பழையவை? இது எழுதுவதற்கான கருவியா, மந்திரக் குறியா? மூன்றையும் பற்றி இருநூறு ஆண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். இத்தனை எழுதியும் குழப்பம் தீராததற்கு முதற்காரணம், சான்றுகளின் வயதைப் பார்க்காமல் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான். 2ஆம் நூற்றாண்டுப் பொறிப்புக்கு 13ஆம் நூற்றாண்டுப் பாடலைக் கொண்டு உரை சொல்வதும், அந்தப் பாடலுக்கு 20ஆம் நூற்றாண்டுக் கற்பனையைக் கொண்டு உரை சொல்வதும் இத்துறையின் பழைய நோய். எந்தச் சான்று எந்தக் காலத்தது என்று பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தானே விலகும்.

மூன்று நெடுங்கணக்குகள்

ரூன் என்பது ஒரே வரிசையின் பெயர் அன்று. மிகப் பழையது 24 எழுத்து வரிசை. முதல் ஆறு எழுத்துகளின் ஒலிகளைக் கோத்து அதை ‘ஃபுதார்க்’ என்கிறார்கள். பிற்காலத்ததிலிருந்து பிரித்துக்காட்ட ‘மூத்த ஃபுதார்க்’. ஏறக்குறைய கி.பி. 150 முதல் 700 வரை ஸ்காண்டினேவியாவிலும், இன்றைய ஜெர்மனியிலும், கிழக்கே ஜெர்மானிய இனக்குழுக்கள் சென்ற இடங்களிலும் இது வழங்கியது. உக்ரைனின் கோவெல் அருகே கிடைத்த ஈட்டி முனையிலும், ருமேனியாவின் பியெட்ரோசா பொற்புதையலில் இருந்த கழுத்து வளையத்திலும் இந்த எழுத்தே இருக்கிறது. செக் நாட்டின் லானி என்ற இடத்தில் 2017இல் தோண்டியெடுத்த மாட்டு விலா எலும்பு ஒன்றில் இவ்வரிசையின் கடைசிப் பகுதி கீறப்பட்டுள்ளது. அந்த எலும்பு கி.பி. 600 வாக்கிலானது, கிடைத்தது ஸ்லாவியர் குடியிருப்பில். ஜெர்மானியர் அல்லாதவரும் ரூனைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

பின்னர் இவ்வரிசை இரு திசைகளில் மாறியது. ஸ்காண்டினேவியாவில் 7, 8ஆம் நூற்றாண்டுகளில் 24 எழுத்து 16 ஆகச் சுருங்கி, ‘இளைய ஃபுதார்க்’ ஆயிற்று. வைக்கிங் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் இதில் உள்ளவை. இங்கிலாந்திலும் ஃபிரீசியாவிலும் நேர்மாறாக வரிசை நீண்டது. தேம்ஸ் ஆற்றில் கிடைத்த, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நீள்கத்தியில் 28 எழுத்துகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன.

மூத்த ஃபுதார்க்கில் எழுதிய பொறிப்புகள் ஏறத்தாழ 400தான் கிடைத்திருக்கின்றன. அவற்றிலும் பல, ஒரு சொல்லோ அரைச் சொல்லோ மட்டும் கொண்டவை. ஸ்காண்டினேவியப் பொறிப்புகள் அனைத்தையும் சேர்த்தால் 6,000க்கும் மேல் வரும். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பங்கு வைக்கிங் காலத்தையும் இடைக்காலத்தையும் சேர்ந்தது. எனவே ரூனின் தொடக்கத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது மிகச் சிறிய சான்றுத் தொகுதியின் மேல் நிற்கிறது.

முதல் தடயங்கள்

வீமோஸ் சீப்புக்கு முன்னால் என்ன இருந்தது? வடஜெர்மனியின் மெல்டோர்ஃபில் கிடைத்த ப்ரூச் ஒன்று கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. அதில் நான்கு குறிகள் உள்ளன. அவை ரூன் என்று ஒரு சாராரும், இலத்தீன் என்று மறுசாராரும் சொல்கிறார்கள். எழுத்தே இல்லை, வெறும் அலங்காரம் என்போரும் உண்டு.

புதிய திருப்பம் நார்வேயிலிருந்து வந்தது. ஒஸ்லோவுக்கு வடமேற்கே ஹோலெ வட்டாரத்தின் ஸ்விங்கெருட் என்ற இடத்தில் ஒரு கல்லறைக் களத்தை 2021இல் அகழ்ந்தபோது செம்பழுப்பு மணற்பாறைத் துண்டு ஒன்று அகப்பட்டது. உடனிருந்த எரிந்த எலும்பையும் கரியையும் கொண்டு கல்லறையின் காலத்தைக் கி.பி. 1 முதல் 250 வரை என்று கணித்து, 2023இல் அறிவித்தார்கள். காலம் நிறுவப்பட்ட ரூன் கற்களில் இதுவே மிகப் பழையது. ‘இதிபெருக்’ என்று படிக்கத்தக்க சொல் ஒன்றும், ஃபுதார்க்கின் முதல் மூன்று எழுத்துகளும், அர்த்தமில்லாத கிறுக்கல்களும் அதில் உள்ளன. யாரோ எழுதிப் பழகிய கல் போலவே இருக்கிறது. அதே களத்தில் கிடைத்த வேறு துண்டுகள் இதனோடு பொருந்துவதாகவும் பின்னர் கண்டார்கள்.

கி.பி. 200ஐ ஒட்டிய ஆயுதப் பொறிப்புகள் வேறொரு செய்தி சொல்கின்றன. நார்வேயின் ஓவ்ரெ ஸ்டாபு ஈட்டியில் ‘சோதிப்பவன்’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. அது ஈட்டிக்கே இட்ட பெயர். டென்மார்க்கின் இல்லெருப் பள்ளத்தாக்கில் கிடைத்த கேடயப் பிடி ஒன்றில், நித்தியோ என்பவன் செய்தது என்று இருக்கிறது. உரோமப் பட்டறைகள் தம் பண்டங்களில் செய்தவன் பெயரை முத்திரையிடுவது வழக்கம். அப்படி முத்திரையிட்ட உரோம வாள்களும் அதே இல்லெருப்பில் கிடைத்திருக்கின்றன. எழுதும் எண்ணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு இது முக்கியமான குறிப்பு.

எங்கிருந்து வந்தது?

ரூன் முற்றிலும் தானாக முளைத்ததாக இன்று எவரும் வாதிடுவதில்லை. மத்தியதரைக் கடல் நெடுங்கணக்கு ஏதோவொன்றின் வழி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து உண்டு. எதன் வழி என்பதில்தான் சண்டை.

முதல் கொள்கை இலத்தீன். டேனிய அறிஞர் லுட்விக் விம்மர் 1874இல் இதை முறையாக வகுத்தார். எஃப், ஆர், ஹெச், பி ஆகிய உரோமப் பேரெழுத்துகளின் சாயல் ரூனில் வெளிப்படை, ஒலியும் ஒன்றே. கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் வடக்கே செல்வாக்கோடு இருந்த எழுத்தும் இலத்தீன்தான். உரோமப் படையில் ஜெர்மானிய வீரர்கள் பணிபுரிந்தார்கள். உரோமக் கண்ணாடியும் வெண்கலமும் டென்மார்க்கின் செல்வர் கல்லறைகள் வரை போயின. 20ஆம் நூற்றாண்டில் எரிக் மொல்ட்கெ இக்கொள்கையை வலுப்படுத்தி, எழுத்து பிறந்த இடம் டென்மார்க் பகுதியே என்றார். மிகப் பழைய பொறிப்புகள் அங்கேயே குவிந்திருப்பது அவருக்குத் துணை.

இரண்டாவது கிரேக்கம். சோஃபுஸ் பூகெயும் ஒட்டோ ஃபொன் ஃப்ரீசெனும் இதை முன்வைத்தார்கள். கருங்கடல் கரைக்குப் போன கோத்துகள் கிரேக்கக் கூட்டெழுத்தைக் கற்று வடக்கே அனுப்பினார்கள் என்பது ஃபொன் ஃப்ரீசெனின் வாதம். கோத்துகள் கருங்கடலை எட்டியது 3ஆம் நூற்றாண்டில். வீமோஸ் சீப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. காலக்கணக்கு இடித்ததால் அந்த வடிவில் இக்கொள்கை விழுந்தது.

மூன்றாவது வட இத்தாலியம். எட்ருஸ்கன் வழிவந்த எழுத்துகள் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் பல வடிவங்களில் வழங்கின. கார்ல் மார்ஸ்ட்ராண்டர் 1928இல் இவற்றை ரூனின் தாயாகக் காட்டினார். ரூனைப் போலவே அவையும் கோணல்மாணலான நேர்கோடுகளால் ஆனவை. இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் எழுதப்பட்டவை. ஸ்லோவேனியாவின் நெகாவ் பகுதியில் 1811இல் கிடைத்த வெண்கலத் தலைக்கவசம் ஒன்றில், வட எட்ருஸ்கன் வகை எழுத்தில் ‘ஹரிகஸ்தி’ என்ற ஜெர்மானியப் பெயர் இருக்கிறது. ஜெர்மானியப் பெயரை அந்த எழுத்தில் எழுத முடிந்தது என்பதற்கு அதுவே நேர்ச்சான்று. ஆனால் ஆல்ப்ஸுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே பெரும் இடைவெளி. அவ்வெழுத்துகள் வழக்கொழிந்ததற்கும் ரூன் தோன்றியதற்கும் நடுவிலும் இடைவெளி. இரண்டையும் இணைக்கும் பொறிப்பு எதுவும் வழியில் கிடைக்கவில்லை.

நான்காவது, தியோ ஃபென்னெமானின் ஃபினீசியக் கொள்கை. கார்தேஜ் வணிகர்கள் வடகடல் வரை வந்து எழுத்தைத் தந்தார்கள் என்பது அது. ஃபினீசிய வரிசையின் முதல் எழுத்தின் பெயர் காளையைக் குறிப்பது. ரூன் வரிசையின் முதல் எழுத்தின் பெயர் கால்நடையைக் குறிப்பது. இந்தப் பொருத்தத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். கார்தேஜியர் அங்கு வந்ததற்கான தொல்லியல் ஆதாரம் இல்லாததால் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

நான்கையும் எடைபோட்டால் இலத்தீனின் தட்டே தாழ்கிறது. இருந்தும் அது எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ‘எக்ஸ்’ வடிவ ரூன் ‘க’கரத்தின் மெல்லொலியைக் குறிக்கிறது, இலத்தீனில் அவ்வடிவத்தின் ஒலி வேறு. இருதிசை எழுத்தும் அக்கால இலத்தீன் வழக்கம் அன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய புதிர் வரிசை. மத்தியதரைக் கடல் மக்களிடம் ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த ஏ, பி, சி வரிசையைத் தூக்கியெறிந்துவிட்டு, ‘ஃபுதார்க்’ என்ற புது வரிசையை ஏன் அமைத்தார்கள்?

எழுத்துகளுக்கும் மொழியின் ஒலிகளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். இலத்தீனில் இல்லாத, பல்லிடுக்கில் பிறக்கும் உரசொலிக்கும், ‘ங’கரத்துக்கும் தனி எழுத்து இருக்கிறது. இதை வகுத்தவருக்குத் தம் மொழியின் ஒலிகள் துல்லியமாகத் தெரிந்திருந்தன. கண்ட எழுத்தை அப்படியே நகலெடுத்த வேலை இது இல்லை. அயலெழுத்தின் கோட்பாட்டைப் புரிந்துகொண்டு, தேவையானதை எடுத்து, இல்லாததை உண்டாக்கி, வரிசையையும் மாற்றிய தனி ஆக்கம். கடன் வாங்கியதா, கண்டுபிடித்ததா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை. இரண்டும் ஒரே செயலில் நடந்திருக்கின்றன.

கோண வடிவத்துக்கான காரணம் எளியது. மரத்தில் கத்தியால் கீறும்போது இழைக்கு இணையாகக் கீறிய கோடு இழையோடு மறைந்துவிடும். அதனால் நெடுக்குக் கோடுகளையும் சாய்வுக் கோடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். மண்ணில் மக்கிப்போன மரப் பொறிப்புகள் எத்தனையோ. எஞ்சிய உலோகமும் எலும்பும் கல்லுமே நமக்குச் சான்றாக நிற்கின்றன.

பெயர்களும் பொருள்களும்

நம் அரிச்சுவடியில் ‘அ’வுக்கு அம்மா, ‘ஆ’வுக்கு ஆடு என்று எழுத்துக்குத் துணையாக ஒரு சொல் வரும். ரூனில் அந்தச் சொல்லே எழுத்தின் பெயர். பெயரின் முதல் ஒலி எழுத்தின் ஒலி. முதல் எழுத்து ‘ஃபெஹு’: கால்நடை, அதன்வழி செல்வம். ‘ரைதோ’ சவாரி. ‘கெபோ’ கொடை. ‘ஹகலஸ்’ ஆலங்கட்டி. ‘நௌதிஸ்’ நெருக்கடி. ‘ஈசஸ்’ பனிக்கட்டி. ‘யேரா’ ஆண்டு, விளைச்சல். ‘பெர்கனன்’ பூர்ச்ச மரம். ‘மன்னஸ்’ மனிதன். ‘தகஸ்’ பகல். ‘ஓதலன்’ பரம்பரைச் சொத்து. கடவுளர் பெயர்களும் உண்டு: ‘தீவஸ்’, ‘இங்வஸ்’. மாடும் குதிரையும், மழையும் பனியும், நிலமும் சாமியும் கொண்ட ஒரு வேளாண் சமூகத்தின் உலகம் இப்பெயர்களில் தெரிகிறது.

ஆனால் இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன வடிவங்களில் எதுவும் மூத்த ஃபுதார்க் காலத்தில் எழுதிவைக்கப்பட்டதில்லை. எல்லாம் பிற்காலச் சான்றுகளிலிருந்து மொழியியலாளர் மீட்டுருவாக்கியவை. அந்தச் சான்றுகள் நான்கு. 9ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் உள்ள ‘அபெசெதாரியும் நொர்த்மானிக்கும்’ என்ற குறிப்பு முதலாவது. பழைய ஆங்கில ரூன் பாடல் 29 எழுத்துகளுக்கு விளக்கம் தருகிறது. அதன் சுவடி 1731இல் காட்டன் நூலகத் தீவிபத்தில் அழிந்தது, 1705இல் ஜார்ஜ் ஹிக்ஸ் அச்சிட்டிருந்ததால் பாடல் தப்பியது. நார்வேஜியப் பாடல் 13ஆம் நூற்றாண்டினது. அதன் சுவடி 1728இல் கோபன்ஹேகன் பெருந்தீயில் போனது. ஐஸ்லாந்துப் பாடலின் சுவடிகள் 1500ஐ ஒட்டியவை. இவற்றோடு, கோத்திய எழுத்துகளின் பெயர்களைத் தரும் வியன்னா சுவடி ஒன்றும் உண்டு.

இவை தம்முள் ஒத்துப்போகும் இடமும் உண்டு, முரண்படும் இடமும் உண்டு. கால்நடை, ஆலங்கட்டி, பனிக்கட்டி, மனிதன் ஆகியவற்றில் எல்லாப் பாடல்களும் ஒரே குரலில் பேசுகின்றன. ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பிரிந்துபோன மரபுகளில் ஒரே பெயர் எஞ்சியிருந்தால், பிரிவதற்கு முன்பே அது இருந்திருக்க வேண்டும். இந்தத் தருக்கத்தின்படி பெயர்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே பழையவை.

முரண்பாடுகளும் சிறியவை அல்ல. இரண்டாம் எழுத்து ‘ஊர்’ ஆங்கிலப் பாடலில் காட்டெருது, ஐஸ்லாந்துப் பாடலில் தூறல், நார்வேஜியப் பாடலில் இரும்பு உருக்கிய கசடு. ஆறாம் எழுத்து ஆங்கிலத்தில் தீப்பந்தம், நார்டிக் பாடல்களில் புண். மூன்றாம் எழுத்து வடக்கே அரக்கன், ஆங்கிலத்தில் முள். கிறித்தவ எழுத்தர் அரக்கனை அகற்றி முள்ளை வைத்திருக்கலாம் என்பர் பலர். ‘பெர்த்’ என்ற எழுத்தின் பொருள் எவருக்கும் பிடிபடவில்லை: சதுரங்கக் காய், பகடைக் குவளை, பேரிக்காய் மரம் என்று ஊகங்கள் மட்டும் நீள்கின்றன. ‘ஸ்’ ஒலியின் அதிர்வொலி வடிவமும் ‘ங’கரமும் ஜெர்மானியச் சொற்களின் முதலில் வராதவை. ஆதலால் அவற்றின் பெயர்கள் முதலொலி விதிக்கே கட்டுப்படவில்லை.

பெயருக்கு மூத்த ஃபுதார்க் காலத்திலேயே பயன் இருந்ததற்கு ஒரு நல்ல சான்று தென் ஸ்வீடனின் ஸ்டென்டோஃப்டென் கல்லில் இருக்கிறது. அது 7ஆம் நூற்றாண்டினது. ஒரு தலைவன் ‘நல்ல விளைச்சல்’ தந்தான் என்று சொல்லும் இடத்தில் முழுச் சொல்லை எழுதாமல் ‘யேரா’ எழுத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். படிப்பவர் எழுத்தின் பெயரைச் சொல்லி நிரப்பிக்கொள்வார். ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தின் சுவடியிலும் பரம்பரை நிலத்தைக் குறிக்கும் எழுத்து அவ்வாறே தனியாக வருகிறது. கினவுல்ஃப் என்ற ஆங்கிலக் கவிஞர் தம் பெயரை ரூன் எழுத்துகளாகப் பாடலுக்குள் பொதிந்து வைத்தார். இவை எல்லாமே எழுத்தறிந்தவர்களின் சுருக்கெழுத்தும் சொல் விளையாட்டும். எழுத்துக்கு உள்ளே மறைஞானம் இருந்ததற்கு இவை சான்றாகா.

இருபத்து நான்கு பதினாறான கதை

ஸ்காண்டினேவிய மொழியில் 6, 7ஆம் நூற்றாண்டுகளில் பெரிய ஒலிமாற்றம் நிகழ்ந்தது. உயிரொலிகள் பெருகின. எழுத்துகளும் பெருகியிருக்க வேண்டும், ஆனால் குறைந்தன. முரண்போலத் தோன்றும் இதற்கு ஒரு விளக்கம் பெயர்களிலேயே கிடைக்கிறது. பெயரின் முதலொலிதான் எழுத்தின் ஒலி. சொல் தேய்ந்தால் எழுத்தின் ஒலியும் மாறும். ‘யேரா’ என்ற சொல் ‘யாரா’ ஆகி, பின் ‘ஆர்’ என்று தேய்ந்தபோது யகர எழுத்து அகர எழுத்தாயிற்று. பழைய அகர எழுத்தின் பெயரான ‘அன்சுஸ்’ மூக்கொலி ஏறி, பின்னர் ‘ஓஸ்’ ஆகி, ஒகரத்துக்குப் போனது. இப்படிச் சில எழுத்துகள் இடம் மாற, சில தேவையற்றுப் போயின. கடைசியில் ஒரே எழுத்து ‘த’வின் வல்லொலியையும் மெல்லொலியையும், ஒரே எழுத்து உகர ஒகரக் குடும்பம் முழுவதையும் சுமந்தது. எழுதுவது எளிதாயிற்று, படிப்பது கடினமாயிற்று. 9ஆம் நூற்றாண்டு ரோக் கல்லில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட ரூன்கள் இருக்க, அதன் பொருளைப் பற்றி இன்றும் அறிஞர் மோதிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மந்திரமா, எழுத்தா?

மந்திரக் கட்சியினர் முதலில் காட்டுவது உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’. பழமரக் கிளையை வெட்டித் துண்டுகளாக்கி, குறியிட்டு, வெள்ளைத் துணியில் சிதறி, மூன்றை எடுத்துக் குறிபார்ப்பார்கள் என்கிறார் அவர். குறி என்று சொல்கிறாரே தவிர எழுத்து என்று சொல்லவில்லை. அக்காலத்தில் ரூன் இருந்ததா என்பதே திண்ணமில்லை.

அடுத்துக் காட்டுவது ‘ஹாவமால்’ பாடல். ஓடின் என்ற தெய்வம் ஒன்பது இரவு மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்றது என்ற புராணம் அதில் வருகிறது. அதைத் தாங்கிய சுவடி 1270 வாக்கினது. எகில் என்பவனின் கதையைச் சொல்லும் எகில் சாகாவும் 13ஆம் நூற்றாண்டு நூல்தான். நோயுற்ற பெண்ணின் படுக்கையில் திமிங்கல எலும்பில் தவறாகக் கீறிய ரூன்களை எகில் சுரண்டி எரித்துவிட்டு, சரியானவற்றைக் கீறி அவளைக் குணமாக்குகிறான். தெரியாதவன் எழுதினால் கேடு என்பது கதையின் பாடம். இரண்டும் ஸ்காண்டினேவியா கிறித்தவமான பின் ஏட்டில் ஏறியவை.

பொறிப்புகளிலேயே சான்று இல்லையா? உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஸ்வீடனின் லிண்ட்ஹோல்ம் எலும்புத் தாயத்தில் அகரம் எட்டு முறையும் வேறு சில எழுத்துகள் மும்மூன்றாகவும் திரும்பத் திரும்ப வந்து, ‘அலு’ என்ற சொல்லோடு முடிகிறது. ‘அலு’ பொற்பதக்கங்களிலும் வருவதால் அது காப்புச் சொல் என்று கருதுகிறார்கள். பியோர்கெடோர்ப் கல், தன்னை உடைப்பவனுக்குச் சாபமிடுகிறது. ஸ்வீடனின் நோலெபி கல் ரூனைத் தெய்வங்களிடமிருந்து வந்தது என்று சொல்கிறது. அது 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஆக, எழுத்து தெய்வத்தின் கொடை என்ற நம்பிக்கை ஹாவமால் சுவடிக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது.

இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதே வழக்கு. டேனிய அறிஞர் ஆண்டர்ஸ் பேக்ஸ்டெட் 1952இல் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். படிக்க முடியாததையெல்லாம் மந்திரம் என்று சொல்லிவிடும் வழக்கத்தை அவர் கண்டித்தார். ஆங்கில ரூன் அறிஞர் ஆர். ஐ. பேஜும் அந்த வழியில் நின்று, கற்பனை மிகுந்தோர், ஐயம் மிகுந்தோர் என்று ஆய்வாளரை இரு வகையாகப் பிரித்தார். தாயத்தில் எழுதிய மந்திரம் மந்திரம்தான். அதனால் எழுத்தே மந்திரம் ஆகிவிடாது. எந்த எழுத்தறிந்த நாட்டிலும் தகடு எழுதுகிறார்கள், கணக்கும் எழுதுகிறார்கள். சீப்பு, ஈட்டி, ப்ரூச், கேடயப் பிடி என்று மிகப் பழைய பொருள்களில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்களும் செய்தவன் பெயர்களுமே.

இதற்கு மறுக்க முடியாத மிகப் பெரிய சாட்சி பெர்கன். நார்வேயின் அந்தத் துறைமுக நகரில் 1955இல் பிரிக்கென் பகுதி தீப்பற்றி எரிந்தது. பிறகு அங்கே அகழ்ந்தபோது அறுநூற்றுக்கும் மேற்பட்ட ரூன் பொறிப்புகள் வெளிவந்தன, பெரும்பாலானவை மரக்குச்சிகள். சரக்கு மூட்டைகளில் கட்டிய உரிமையாளர் சீட்டுகள், வணிகக் கடிதங்கள், காதல் சொற்கள், வசைகள், செபங்கள், உரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஒரு வரிகூட அவற்றில் உண்டு. மதுக்கடையில் இருந்தவனை வீட்டுக்கு வரச்சொல்லிக் குதா என்ற பெண் அனுப்பியதாகக் கருதப்படும் குச்சியும் இருக்கிறது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ரூன் சாதாரண நகரவாசியின் கையெழுத்து.

திருச்சபையும் ரூனை அஞ்சவில்லை. 698இல் செய்த புனித கத்பெர்ட்டின் சவப்பெட்டியில் நற்செய்தியாளர் பெயர்கள் சில ரூனில் உள்ளன. ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையில் கிறித்துவின் பாடு பற்றிய கவிதையே ரூனில் வெட்டப்பட்டது. ஸ்வீடனில் உள்ள ஏறத்தாழ 2,500 ரூன் கற்களில் மிகுதியானவை 11ஆம் நூற்றாண்டில் கிறித்தவர் நட்ட நினைவுக் கற்கள். சிலுவை பொறித்தவை பல. ரூன் என்றால் பழஞ்சமயம், இலத்தீன் என்றால் கிறித்தவம் என்ற பிரிவினை பின்னாளையது.

புதுப்பொருள் ஏறிய வரலாறு

ரூன் முற்றாக மறையவும் இல்லை. ஸ்வீடனின் எல்வ்டாலன் பகுதியில் 1900 வாக்கிலும் ஒரு வகை ரூன் எழுதினார்கள். அதே சமயம் படித்தவர் உலகில் அதற்கு வேறொரு வாழ்வு தொடங்கியிருந்தது. ஸ்வீடனின் யோஹான்னெஸ் பூரெயுஸ் 17ஆம் நூற்றாண்டில் கல்வெட்டுகளைப் படியெடுத்ததோடு நில்லாமல் அவற்றில் மறைஞானமும் தேடினார். டென்மார்க்கின் ஓலெ வோர்ம் 1636இல் ரூன் பற்றிய நூலை வெளியிட்டார். மூத்த ஃபுதார்க்கைச் சரியாகப் படிக்கும் திறன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பூகெ, விம்மர் போன்றோரால் கைகூடியது.

அந்த அறிவு பரவும் முன்பே கற்பனை முந்திக்கொண்டது. வியன்னாவின் குய்தோ ஃபொன் லிஸ்ட் 1902இல் கண் அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் பார்வையின்றி இருந்தபோது ரூனின் இரகசியம் தமக்கு வெளிப்பட்டதாகச் சொன்னார். 1908இல் நூலும் வந்தது. அவர் வகுத்தவை 18 எழுத்துகள். வரலாற்றில் 24 உண்டு, 16 உண்டு, 28 உண்டு. அந்த 18 எங்கும் இல்லை. ஹாவமாலில் ஓடின் சொல்லும் மந்திரங்கள் பதினெட்டு என்பதால் எழுத்தும் பதினெட்டு. சூரியன் என்ற பெயருடைய எழுத்துக்கு அவர் ‘வெற்றி’ என்று பொருள் வைத்தார். நாஜிகளின் எஸ்.எஸ். படை இரட்டைக் குறியாக அணிந்தது அந்த லிஸ்ட் பொருளைத்தான். இன்றும் ஜெர்மனியில் அக்குறியைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். பண்டைய ஜெர்மானியர் பெயரால் லட்சக்கணக்கானோரைக் கொன்ற படை தன் சின்னத்துக்குக் கொண்ட பொருளுக்குப் பண்டைய ஜெர்மானியரிடம் ஆதாரம் இல்லை.

குறிபார்க்கும் பைக்கு வருவோம். 1982இல் ரால்ஃப் பிளம் வெளியிட்ட நூல் அமெரிக்காவில் பெரும் விற்பனை கண்டது. 24 எழுத்துகளோடு எழுத்தே இல்லாத வெற்றுக் கல் ஒன்றையும் அதில் சேர்த்தார். இருபத்தைந்தாவது கல்லின் வயது அவ்வளவுதான். அதைவிட நேர்மையான புதுப்பயன்களும் உண்டு. டோல்கீன் 1937இல் ‘தி ஹாபிட்’ வரைபடத்தில் ஆங்கில ரூனைப் பயன்படுத்தினார். நம் கைப்பேசியின் புளூடூத் சின்னம், 10ஆம் நூற்றாண்டு டேனிய மன்னன் ஹரால்ட் புளூடூத்தின் முதலெழுத்துகளான இரு இளைய ரூன்களை ஒட்டவைத்தது. 1999இல் யூனிகோடில் ரூனுக்குத் தனி இடம் கிடைத்தது.

தீர்ப்பு

மூன்று கேள்விகளுக்கும் இன்றைய சான்று தரும் விடை இது. பிறப்பு: கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில், உரோம உலகின் விளிம்பில், பெரும்பாலும் இலத்தீனைக் கண்ணால் கண்ட ஒருவரோ சிலரோ தம் மொழிக்கென்று புதிதாக வகுத்த எழுத்து. வட இத்தாலிய எழுத்துகளின் பங்கை முழுதாக ஒதுக்க முடியாது. வரிசையின் காரணம் இன்னும் விடுபடாத புதிர். பெயர்கள்: பெரும்பாலானவை பழையவை, சில ஐயத்துக்குரியவை, அவற்றின் வேலை எழுத்தை நினைவில் நிறுத்துவதும் ஒலியைச் சுட்டுவதும். மந்திரம்: எழுத்தின் பயன்களுள் ஒன்றே தவிர, எழுத்தின் இயல்பு அன்று. எழுத்துக்கு ஒரு பலன் என்று அடுக்கிய குறிபார்க்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தயாரிப்பு.

ரூனைப் பற்றி அடுத்த முறை எங்காவது வாசிக்க நேர்ந்தால் வாசகர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதைச் சொல்லும் சான்று எந்த நூற்றாண்டினது? அதற்குப் பதில் சொல்லாத நூலை மூடிவைத்துவிடலாம்.